தொட்ட காய்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் சுகமாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் போன கடிதத்தில் அவ்வளவு பெரிய குண்டைத் தூக்கிப் போடத் தெம்பு வந்திருக்காது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக, நீ ஒன்பது வயதில் கோப்பையோடு நிற்கிற பேப்பர் துண்டைத்தான் போய்ப் படித்தார். உன் தம்பி மகளைச் செஸ் வகுப்பில் சேர்த்தாயிற்று. பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்களாம், அத்தை யார் என்று தெரிந்ததும் பரீட்சையே வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆட்டங்களைப் புத்தகமாகப் போடுகிறவர், அந்த இருபத்துமூன்றாம் நகர்வின்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்டாராம், நீ உண்மையைச் சொல்லப் போகிறாயாம். யானையை எடுக்கப் போய்க் கை தவறி ராணியைத் தூக்கிவிட்டேன், தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், எங்கே வைத்தாலும் வெட்டுப்படும், அழுகையை அடக்கிக்கொண்டு நட்டநடுவில் வைத்தேன் என்று. இதையேதான் அன்றைக்கு பஸ்ஸில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னாய். வாயை மூடு என்று தொடையில் கிள்ளினேன், நினைவிருக்கிறதா? கிள்ளியதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆட்டத்தில் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பூகோள வாத்தியார் முந்தின வருஷத்துச் சாம்பியன். சின்னப் பிள்ளை ராணியைச் சும்மா கொடுக்குமா, ஏதோ பொறி இருக்கிறது என்று நாற்பது நிமிஷம் யோசித்து, அதை வெட்டாமல் விட்டுத் தோற்றுப்போனார். அது உன் குற்றமா? இருபத்திரண்டு வருஷமாக உலகம் அதை எதிராளியின் மனதைப் படித்த நகர்வு என்கிறது. கம்ப்யூட்டர் அது மட்டமான நகர்வு என்று காட்டுகிறதாம், கம்ப்யூட்டருக்கு மனுஷ மனசு தெரியுமா என்று பெரிய ஆட்டக்காரர்களே கேட்கிறார்கள். ஊரே உன் பக்கம் நிற்கும்போது நீ எதற்குப் போய்க் கம்ப்யூட்டர் பக்கம் நிற்கிறாய்?

கோபப்படாமல் கேள். அந்த ஒரு நகர்வை எடுத்துவிட்டால் உன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது? பதினாறு வயதில் ஆட்டத்தை விட்டாய். வருகிறவர்கள் எல்லாரும் இன்னொரு ராணியை எப்போது கொடுப்பாய் என்று கேட்கிறார்களாம், அதனால் மூச்சு முட்டுகிறதாம். கொடுத்துத் தொலைத்திருக்கலாமே. இன்றைக்குக் கண்ணாடிக் கடையில் யார் யார் கண்ணுக்கோ லென்ஸ் தேய்க்கிறாய், கட்டிக்கொண்டவனோடும் ஒத்துவரவில்லை. பெற்றவள் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? எனக்கும் வேறு பெயர் கிடையாது, காய்கறிக் கடையில்கூடச் செஸ்காரியின் அம்மா என்றுதான் வழி விடுகிறார்கள். அதை விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று. உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒரு மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அந்த வாத்தியார் வீடு தேடி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், தண்ணீர்கூட வேண்டாம் என்றார். "கொழந்தை கை தவறித்தானேம்மா தொட்டா? யானைப் பக்கம் கை போனத நான் பாத்தேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். நான் இமை கொட்டாமல், "பஸ்ல சிரிச்சுக்கிட்டே வந்தா சார். நீங்க பயந்துடுவீங்கன்னு தெரிஞ்சுதான் வச்சாளாம்" என்றேன். மனுஷனுக்கு முகம் செத்துப்போயிற்று. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனவர், அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை.

அவர் போன மாதம் இறந்துவிட்டார். துக்கம் கேட்கப் போனபோது, நர்ஸாக இருக்கிற அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைசிவரை உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லையாம். அவருக்குச் சொல்ல வேண்டியதை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வாய்? அந்தப் பெண்ணிடமா? அதனால் உனக்குச் சிரமம் வைக்காமல், எல்லாம் பார்த்துத்தான் வைத்தேன் என்று உன் பெயரில் நானே அந்தப் புத்தகக்காரருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். உன் கையெழுத்து எனக்கு நன்றாகவே வரும், பள்ளிக்கூட லீவு லெட்டர் எல்லாம் யார் எழுதியது? புதன்கிழமை அவர் போன் செய்வார், ஆமாம் என்று மட்டும் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, தேய்க்கிற தூசி கண்ணில் படாமல் பார்த்துக்கொள். உன் பேர் குன்றாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதை மட்டுமே நினைக்கிற
அம்மா

பி.கு. வாத்தியாரின் மகள் பதினான்கு நோட்டுகளைக் கொடுத்தாள், புத்தகத்துக்கு ஆகும் என்று வாங்கி வந்தேன். எல்லாமே அந்த ஒரே ஆட்டம்தான், ராணியை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில், "எல்லா வழியிலும் நான்தான் ஜெயிக்கிறேன். அப்படியானால் அந்தக் குழந்தை என்னிடம் எதைப் பார்த்தது?" என்று எழுதி வைத்திருக்கிறார். படித்ததும் எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது.