ரேம் என்றால் என்ன

ஜூலை 17, செவ்வாய். குன்னூர்.

இன்று ஒரு பொய் சொன்னேன். அதற்குப் பலனும் கிடைத்துவிட்டது.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள். டைப்பிஸ்ட்டாக நானும் கிருஷ்ணவேணி அக்காவும் இருக்கிறோம். கம்ப்யூட்டர் வருகிறது, இனி ஒருவர் போதும் என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரியும் மூடிக் கிடக்கிறது. அதனால் இரண்டு வாரமாக யாருக்கும் தெரியாமல் ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்தை உருப்போட்டேன்.

காலையில் அக்கா கேட்டார். “ஏன் அம்மிணி, ரேம், ரோம்னு என்னமோ சொல்றாங்களே, அப்படின்னா என்ன?”

“தெரியலீங்கக்கா” என்றேன்.

மதியம் மேனேஜர் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு அதையேதான் கேட்டார். தெரியாது என்று அக்கா தலைகுனிந்தார். நான் நிறுத்தாமல் ஒப்பித்தேன். கரண்ட் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும், ரோமில் இருப்பது அழியாது என்று விளக்கமும் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலை எனக்குத்தான் என்றார் மேனேஜர்.

மழையில் பஸ் ஸ்டாண்டு வரை அக்காவின் குடையில்தான் வந்தேன். “நீ சொல்லியிருந்தாலும் என் மண்டையில ஏறியிருக்காது அம்மிணி. மனசுல வச்சுக்காதே” என்றார். அதற்குப் பதிலாக இரண்டு அறை விட்டிருக்கலாம்.

வீட்டுக்காரர் இன்று சிரித்தபடி சாப்பிட்டார். என் தட்டில் இருந்ததையும் அவருக்கே போட்டுவிட்டு எழுந்தேன்.

கம்ப்யூட்டரை அக்காவின் மேசையில்தான் வைக்கப் போகிறார்களாம். நாளைக் காலையில் சீக்கிரம் வந்து அவர் சாமான்களை எடுத்து வைக்கும்படி என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்கள்.