திட்டும் உரிமை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே நாங்களும். தோழியின் அறையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா? போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அவள் அழுகிறாள், நீயும் அழுகிறாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

இங்கே இப்போது மதியம், நீச்சல் குளத்தைப் பூட்டிவிட்டோம். சின்னப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள், ஓரத்தில் யாருடைய நீச்சல் கண்ணாடியோ கிடக்கிறது. ஆட்கள் ஏறிப்போன பிறகும் தண்ணீர் அடங்க நேரமாகும், அதுவரை அதன் வெளிச்சம் கூரையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். டிக்கெட் மேஜையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் தண்ணீருக்கு மேலே இருக்கிறேனா அடியில் இருக்கிறேனா என்றே தெரிவதில்லை. நேற்று அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். நீ ஆபீசுக்காகச் செய்த அந்த அட்டை வீடு இந்தக் குளத்தில் மிதந்து வருகிற மாதிரி கனவு. சன்னலுக்குச் சன்னல் விளக்கு, உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாஷை புரியவில்லை, ஆனால் சண்டை இல்லை என்று மட்டும் குரலில் தெரிந்தது.

நீ அம்மாவிடம் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான், தப்பென்றால் திருத்து. பல நாள் கண் எரிய உட்கார்ந்து நீ வெட்டி ஒட்டிய மாதிரி வீட்டை மாப்பிள்ளையின் முதல் தாரத்து மகள் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்திருக்கிறாள். நீ கத்தியிருக்கிறாய், அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்து இழுத்துப் போய் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாய். மாப்பிள்ளை வந்து கதவைத் திறந்து, குழந்தையை வெளியே கூட்டி வந்து, அவள் முன்னாலேயே, இவளைக் கண்டிப்பது என் வேலை, நீ இதில் தலையிடாதே என்று சொல்லியிருக்கிறார். குரலைக்கூட உயர்த்தவில்லை என்றாய், அதுதான் உனக்கு இன்னும் சுருக்கென்று தைத்திருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். அந்த வீட்டில் நான் யார் என்று அம்மாவிடம் கேட்டாயாம். அவள் அண்ணன், உன் பெரிய மாமா, வேறு தேசத்தில் போய்க் கட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும், அப்போதே சொன்னேன் என்கிறார். அவர் அப்போதே சொன்ன விஷயங்கள் ஏராளம், என்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

உன்னைப் பெற்ற அப்பா காலமாகி, நான் உன் அம்மாவைக் கட்டிக்கொள்ள வந்தபோது உனக்கு விவரம் தெரியாத வயது. நான் வேறு இனம், வேறு பாஷை, உங்கள் பாஷையில் எனக்கு அப்போது சண்டை போடக்கூடத் தெரியாது. பெரிய மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளையை நான் தொட்டு அடிக்கவும் கூடாது, வாயால் திட்டவும் கூடாது. சரி என்றேன். அதன் பிறகு நீ என்ன செய்தாலும் மேலதிகாரியிடம் மனு கொடுப்பது போல உன் அம்மாவிடம் போய் நிற்பேன். நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். என் செருப்பில் பசையை ஊற்றிவிட்டு, போய்ச் சொல்லிக்கோ என்பது போல ஒரு பார்வை பார்ப்பாய். உனக்கு நான் குளத்து மாமா, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அப்பாவின் கைதான் பேசும். விழுந்த அடி வலிக்கும், கொஞ்ச நேரத்தில் அவரே பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார். உன் அம்மா வீட்டில் யார் மேலும் யார் கையும் பட்டதில்லை, ஆனால் தப்பு செய்தவரோடு பேச மாட்டார்கள். உன்னோடு அப்படித்தான் அவள் பேசாமல் இருப்பாள். நீ அம்மா அம்மா என்று அறைக்கு அறை பின்னாலேயே போவாய், அவள் வெளியே மழை பெய்கிற சத்தத்தைக் கேட்பவள் போல மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அடி கொடுமை என்று உன் அம்மா சொல்வாள், இது அதைவிடக் கொடுமை என்று நான் சொல்வேன், இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள மாட்டோம்.

ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டதால் உன்னை இங்கே கூட்டி வந்திருந்தேன். கழுவுவதற்காகத் தண்ணீரை முழுக்க இறக்கியிருந்தோம். காலிக் குளம் பார்க்க விசித்திரமாக இருக்கும், நீலம் மட்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது. நான் குழாயைச் சுருட்டிவிட்டுத் திரும்பினால் நீ குதிக்கிற மேடையின் நுனியில், பறக்கப்போகிறவள் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாய். கீழே வெறும் தரை. நிபந்தனையாவது ஒன்றாவது, என் பாஷையிலேயே தொண்டை கிழியக் கத்தினேன். கூடம் முழுக்க அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. உனக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது, ஆனால் அப்படியே பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாய். நான் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் சட்டை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். நீ அழாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். வெளிச்சம் சுவரில் இறங்கும் வரை அப்படியே இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நீ அம்மாவிடம் ஓடினாய். "அம்மா, அப்பா என்னைத் திட்டிட்டார்." என்னைச் சண்டைக்கு இழுக்கத் திறந்த வாயை உன் அம்மா மூட மறந்து நின்றாள். அப்பா என்ற வார்த்தையை நீ அதற்கு முன் எனக்குச் சொன்னதே இல்லை, அதுவும் புகாராகத்தான் வந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம், நான் கை ஓங்கக் கூடாது, அவள் வாய் மூடக் கூடாது. அவள் அதைப் பலமுறை மீறியிருக்கிறாள், அது வேறு கதை.

கத்தியதால் நான் அப்பா ஆனேன் என்று எடுத்துக்கொள்ளாதேம்மா. கத்திவிட்டு எழுந்து போகாமல் இருந்தேன், அவ்வளவுதான். நீ அந்தக் குழந்தையின் கையை அழுத்திப் பிடித்தது தப்பு, கதவைச் சாத்தியது அதைவிடத் தப்பு, இப்போது மாப்பிள்ளையின் போனை எடுக்காமல் இருக்கிறாயே, அது அசல் உன் அம்மா வீட்டு வழக்கம். பிள்ளையிடம் குனிந்து உட்கார்ந்து பேசுவது அவர்கள் ஊர்ப் பழக்கம் என்றாய், நல்ல பழக்கம்தான். ஆனால் குழந்தை முன்னால் உன்னை வெளியாள் ஆக்கினாரே, அந்தப் பழக்கம் எந்த ஊருக்கும் ஆகாது. அதை அவரிடம் நேராகச் சொல். சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது.

இனி வருவதை முதலிலேயே எழுதியிருந்தால் மேலே உள்ளதை நீ படித்திருக்க மாட்டாய், அதனால்தான் கடைசியில் வைத்தேன். இன்று காலை மாப்பிள்ளை எங்களுக்குப் போன் செய்தார். அவருக்கு நம் பாஷை அரைகுறை, எனக்கு அவர் பாஷை அரைகுறை, இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றாகிவிடும் என்று நம்பிப் பேசினோம். கதவுக்குப் பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டதும் பயந்துபோய் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றார். அவளைப் பெற்றவளும் முன்பு இதே போல ஒரு பையை எடுத்துக்கொண்டுதான் போனாளாம், குழந்தை சன்னலில் நின்று பார்த்ததாம். இந்த முறையும் அதே சன்னலில் நின்றிருக்கிறாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் குழந்தையே போனை வாங்கினாள். எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி, அவங்களுக்கு இன்னும் கோபமா என்று கேட்டாள். கொஞ்சம் இருக்கும்மா என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. பிறகு சொன்னாள், "கோபமா இருந்தா பரவாயில்ல. இங்க வந்து கோபமா இருக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். நீயும் அவரும் அந்தப் பிள்ளையும் ஒரே கூரையின் கீழே சண்டையும் சிரிப்புமாக நீடூழி வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்கள் மூவருக்கும் உண்டு. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத் தலையோடு படுக்காதே.

அன்புடன்,
உன் அப்பா