இருபத்திரண்டாவது பெயர்

ஜனவரி 5, திங்கள்

கமலநாதன் சார் திருடர். என் பெயரைத் திருடி வைத்திருக்கிறார்.

ஊரில் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டயர்க் கடை முதலாளி, கோயில் கமிட்டித் துணைத் தலைவர், குளுவாங்கின் பெண்கள் காற்பந்து அணியைப் பத்து ஆண்டுகளாகக் கைக்காசு போட்டு நடத்துகிறவர். எல்லாம் உண்மைதான். போன அக்டோபரில் எங்களுக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, இலையை மடிக்கும் முன்பே இருபத்திரண்டு பேரிடமும் ஆளுக்கு மூன்று பதிவுப் படிவங்களில் கையெழுத்து வாங்கினாரே, அதுவும் உண்மை. தேதி போடாத படிவங்கள். "வருசா வருசம் உங்களத் தேடி அலைய வேணாம்லா." ரசக் கையோடு நானும் போட்டேன். இருபத்து மூன்று வயது, டிப்ளோமா படித்தவள், என்ன படித்தேனோ!

இன்று மதியம் ஈப்போ அணியின் பயிற்சியாளர் ரோஸ் அழைத்தார். போன வருடப் போட்டியில் என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். சம்பளத்தோடு ஒப்பந்தம், தங்குவதற்கு அறை. பிப்ரவரி 28க்குள் இப்போதைய அணியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான்.

சாருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலாக என் மூன்று படிவங்களையும் படமெடுத்து அனுப்பினார், வருடத்துக்கு ஒன்று. மூன்று வருடத்துக்கு நான் அவர் ஆட்டக்காரி. தேதி இப்போது போட்டிருக்கிறது, அவர் பேனாவில்.

ஜனவரி 9, வெள்ளி

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில், ஸ்டோரில் வேலை பார்க்கும் ரூபேந்திரன் அட்டைப்பெட்டி மூடியில் அட்டவணை வரைந்து வந்திருந்தான். பெண்கள் லீக்கில் இப்போது எட்டு அணிகள். வரும் பருவத்தில் பன்னிரண்டு. புது நான்கும் எந்தெந்த ஊர்? அவனுக்கு இந்த ஒரு மாதமாக வேறு வேலை இல்லை.

"சிரம்பான் கன்ஃபர்ம். குவாந்தான் கன்ஃபர்ம். தைப்பிங் மழை ஊரு, ஆனா நல்ல திடல் இருக்கு. கடைசி எடத்துக்குத்தான் சண்டை. மூவார், பத்து பகாட், நம்ம குளுவாங்."

"குளுவாங்ல என்ன இருக்கு?"

"ரயிலு இருக்கு. காப்பி இருக்கு."

"பந்து காப்பி குடிக்குமா?"

"அலமாக்! நீயே அந்த டீம்ல ஆடுறவ. வாயில நல்ல வார்த்தையே வராதா?"

வராது. ஆடுகிறவளுக்குத்தான் தெரியும். மழை பெய்தால் வடக்குக் கோல் பக்கம் கணுக்கால் தண்ணீர். விளக்குக் கம்பம் கிடையாது. உடை மாற்றப் பக்கத்துப் பள்ளியின் கழிப்பறை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் வந்து திடலை அளந்துவிட்டுப் போகிறார். அளந்து அளந்தே புல் செத்துவிட்டது.

மணி அடித்தது. மறுபடி சுவிட்சு மூடி பொருத்தப் போய் நின்றேன். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு மூடிகள். எல்லாம் வெள்ளை.

ஜனவரி 13, செவ்வாய்

டயர்க் கடைக்கே போனேன்.

"சார், ஒரு கடிதம். அவ்வளவுதான்."

"உக்காரும்மா. மைலோ குடிக்கிறியா?"

"கடிதம் சார்."

"உள்ளூர்ப் புள்ளைங்க இருபத்திரண்டு பேர் பதிஞ்சிருக்கணும். அப்பத்தான் லீக்ல நம்ம மனுவ எடுப்பாங்க. நீ போனா இருபத்தொண்ணு. ஒருத்திக்காக ஊரையே கவுக்கச் சொல்றியா?"

"குளுவாங்குக்குக் கிடைக்கலன்னா?"

"அன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன். முருகன் மேல சத்தியம்."

ஆக, நான் வெளியே போக வேண்டுமென்றால் என் ஊர் தோற்க வேண்டும்.

ஜனவரி 14, புதன்

பத்து பகாட் வாழ்க.

ஜனவரி 22, வியாழன்

லீக்கிலிருந்து திடலைப் பார்க்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வேலை முடிந்து போய்ப் பார்த்தால் திடலின் நான்கு மூலையிலும் விளக்குக் கம்பங்கள்! பளபளவென்று. கல்யாண மேடை போடுகிறவரிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. அடியில் சிமெண்டு பூசி, சிமெண்டு காயாததால் மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சாக்கை விலக்கினால் போதும். ஈப்போ.

கஸ்தூரி அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். எங்கள் கோல்கீப்பர். சிங்கப்பூரில் பாத்திரம் கழுவும் வேலை. விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். இன்று இதற்காகவே லீவு போட்டிருந்தாள்.

"வாயத் தொறந்துடாதடி. சம்பளம்னு ஒண்ணு இங்கயே வந்துச்சுன்னா அந்த பஸ்ஸ விட்டுடுவேன். எம் மக முழிச்சிருக்கறப்ப அவ மூஞ்சியப் பாக்கலாம்."

பொழுது சாய்ந்தது. விளக்கு எரிந்தது. அதிகாரிகளில் ஒரு பெண் எங்களிடம் வந்து, நேராக என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: இந்த விளக்குகள் எப்போதும் இங்கேதான் இருக்கின்றனவா?

ஆமாம் என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். சார் என் தலையைத் தொட்டு, "நல்ல புள்ள" என்றார். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

ஏன் சொன்னேன்? பயந்தா? கஸ்தூரி அக்காவுக்காகவா? இல்லை, எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்திலா? மூன்றும்தான் என்று எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் என்னைத் தியாகி ஆக்கக் கூடாது, நான் உட்பட.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். அம்மா பால்குடம் எடுத்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"குளுவாங்குக்குக் கெடைக்கணும். நீ இங்கயே ஆடணும். கண்ணு முன்னாடி இருக்கணும்."

பின்னாலேயே நடந்து வந்த நான் கிடைக்கக் கூடாது என்று கும்பிட்டேன். ஒரே குடம், ஒரே முருகன். பாவம் அவர்.

பிப்ரவரி 11, புதன்

கிடைத்துவிட்டது.

சிரம்பான், குவாந்தான், தைப்பிங், குளுவாங். ரூபேந்திரன் அட்டையைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் முழுக்க ஓடினான். "சொன்னேன்ல! சொன்னேன்ல!" சீனப் புத்தாண்டுக்கு வாங்கிவைத்த பட்டாசை யாரோ தெருவில் கொளுத்தினார்கள். அம்மா பக்கத்து வீடுகளுக்குக் கேசரி கொடுத்தாள். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் சிரித்தேன், கன்னம் வலிக்க.

சரி, கிடைத்துவிட்டது. இனி இங்கேயே ஆடலாம், அதுவும் ஆட்டம்தானே. குதித்த அத்தனை பேரும் முட்டாளா? நான்தான் எதையும் நம்பத் தெரியாதவளோ?

இரண்டு நாள் நம்பிப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கோலாலம்பூரிலிருந்து ஆறு பேர், சபாவிலிருந்து ஐந்து, தாய்லாந்திலிருந்து மூன்று. எங்கள் இருபத்திரண்டில் நான்கு பேருக்குத்தான் ஒப்பந்தம். கஸ்தூரி அக்கா இருக்கிறாள். சந்தோஷம், பொய் இல்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன், வேறு வேறு காரணத்துக்கு.

மீதிப் பதினெட்டுப் பேர் 'உள்ளூர் இருப்பு'. சம்பளம் கிடையாது. ஆட்டம் கிடையாது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்து அவர்களுக்குப் பந்து போட வேண்டும்.

"அப்ப என்னை விட்டுடுங்க சார்," என்றேன்.

"இருபத்திரண்டு பேரு சீசன் முடியற வரைக்கும் பதிவுல இருக்கணும்மா. ரூல்ஸ். ஒரு வருசம் பொறுத்துக்க. அடுத்த வருசம் பாக்கலாம்."

"என்னைய எதுக்கு சார் வச்சிருக்கீங்க? எண்ணிக்கைக்கா?"

"அப்பிடில்லாம் பேசக்கூடாது. நீ நம்ம ஊர்ப் புள்ள."

ஊர்ப் புள்ளயாம். ஊர்ப் புள்ளன்னா ஓசியா? கேட்கவில்லை. எழுதத்தான் வருகிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

பேருந்து நிலையம் எதிரே பெரிய பதாகை. 'மண்ணின் மகள்கள்' என்று இருபத்திரண்டு முகங்கள். என் முகம் கடைசி வரிசையில். அம்மா அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 28, சனி

ரோஸ் காலையில் அனுப்பினார்: மாலை ஐந்து வரை காத்திருப்பேன்.

மூன்றரைக்குத் திடலுக்குப் போனேன். கடிதத்தை நானே மலாயில் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். சாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. புதுச் சட்டை அறிமுக விழா. இந்த முறை விளக்குக் கம்பங்கள் நிஜமானவை, லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி அக்கா மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாரிடம் பேனாவை நீட்டினேன். அவர் ஏணியில் நின்று பதாகை கட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, "எடது பக்கம் எறங்கியிருக்கு, கொஞ்சம் தூக்குப்பா," என்றார். மறுபடி நீட்டினேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

நான்கு ஐம்பதுக்கு, எல்லோரும் படத்துக்கு வரிசையாக நின்றபோது, அவர் முன்னால் போய் நின்றேன். திடல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"சார், ஆட விடுங்க. இல்ல, போக விடுங்க. ரெண்டுல ஒண்ணு. இப்பச் சொல்லுங்க."

படக்காரர் என்னைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொன்னார். நான் ஒதுங்கவில்லை.

"சொல்லுங்க சார்."