நான் அழிக்கவிருந்த ஜர்னல் ஃபைல்

2003 ஜூன் 17, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி ரத்த வங்கிக் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது. வேண்டாததை அழிக்கத் தேடியபோது, ‘ஜர்னல்’ என்ற பெயரில் ஒரு மறைந்த ஃபைல் கண்ணில் பட்டது. நான் உண்டாக்கியதல்ல. அழிக்கப் போனேன். பக்கத்து மேசை ரமா தன் மலையாளம் கலந்த தமிழில் பதறிவிட்டாள்.

"அய்யோ சேச்சி, அதத் தொடாதீங்க கேட்டோ! டிஸ்க்கில எத மாத்தினாலும் கம்ப்யூட்டர் முதல்ல அதிலதான் குறிச்சு வைக்கும். பாதியில கரண்டு போனா, அதப் பாத்துத்தான் எல்லாம் நேராக்கும்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் மழையில் கரண்டு போயிற்று. யூபிஎஸ்ஸும் கைவிட்டது. ரத்தம் கொடுப்பவர்களின் விவரம் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான். இந்த ஜர்னல் வருவதற்கு முன்பெல்லாம் இப்படி நின்றால், டிஸ்க்கைச் சோதித்து முடிப்பதற்குள் கான்டீனுக்குப் போய் வந்துவிடலாம். சில ஃபைல்கள் சிதைந்தும் போயிருக்கும். இன்று கரண்டு வந்ததும், ஜர்னலிலிருந்து மீட்பதாக ஒரு வரி காட்டிவிட்டு உடனே எழுந்துகொண்டது. நான் கடைசியாக அடித்த பெயர் மட்டும் இல்லை.

அப்போதுதான் பிரசவ வார்டிலிருந்து ஒருவர் ஓ நெகட்டிவ் கேட்டு ஓடி வந்தார். தேடினேன். பக்கத்தில் கரமனையில் ரத்தம் கொடுப்பவர் ஒருவரின் பெயர் கிடைத்தது. போன் செய்ததும் ஆட்டோவில் வந்துவிட்டார். தாயும் குழந்தையும் சுகம்.

இந்த ஜர்னலை யோசித்துச் செய்தவர் எந்த ஊர்க்காரரோ, என்ன மூளை! ரமா மட்டும் நான் அழிக்கப் போன நேரம் இந்தப் பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால்... வேண்டாம், தூங்க வேண்டும்.