நனைந்துபோன வரைபடம்

ஜாதவ்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதனாவின் நமஸ்காரம். உன் இடுப்புவலி குறைந்ததா? அப்பா மறக்காமல் மாத்திரை போடுகிறாரா? நான் சௌக்கியம், லேசான ஜலதோஷம் மட்டும்தான்.

காரணத்தைச் சொல்கிறேன், பதறாதே. போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆனர்ஸ் மாணவர்களுக்கான ஆய்வுக் கண்காட்சி. மழை பெய்தால் இந்தப் பக்கம் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று பெரிய வரைபடம் போட்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்துக் கொட்டித் தீர்த்தது. நடுத்தெருவில் கால் தடுக்கி, வரைபடத்தோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்! வண்ணமெல்லாம் கரைந்துபோனது. அழுகையாக வந்தது. ஆனாலும் சொட்டச் சொட்டப் போய் நின்றேன்.

நடுவராக வந்த பேராசிரியை, “நீ விழுந்த தெரு இதுல இருந்துதாம்மா?” என்று கேட்டார்.

“இருந்தது மேடம். கணுக்கால் வரைக்கும் தண்ணின்னு போட்டிருந்தேன். முழங்காலுக்கு மேலன்னு திருத்தணும்” என்று என் ஓட்டை வங்காளத்தில் சொன்னேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நேற்று கூப்பிட்டு, தன் ஆய்வுக்குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார் அம்மா!

வேலை, இங்கே தீபாவளி வரை நீளும் பூஜை விடுமுறையில்தான். அதனால் தீபாவளிக்கு வர முடியாது. பருப்புப்பொடியும் தீபாவளி மருந்தும் கூரியரில் அனுப்பு. புதுத்துணி இங்கேயும் கிடைக்கும். ஆனாலும் நீயே வாங்கி, மஞ்சள் தடவி அனுப்பு. அன்று விடிவதற்குள் போன் செய்து, “எழுந்திருடி, எண்ணெய் தேய்ச்சுக்கோ” என்று சத்தம் போடு. நான் விழித்துத்தான் இருப்பேன், இருந்தாலும் போடு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
சாதனா