மூண்டு சென்றியும் ஒரு போத்தல் தேனும்

88 வைகாசி 3, செவ்வாய்

விடியவே வெக்கை. காத்து இல்லை.

ஒரு வெக்கக்கேடு. இண்டைக்குத் தேர்முட்டிச் சென்றியிலை, ஆமி மறிச்சுச் சோதிக்கிற இடத்திலை, என்ரை சாரம் நனைஞ்சு போச்சு. ஆமிக்காரன் துவக்கை நெஞ்சுக்கு நேரை பிடிச்சுக்கொண்டு போத்தலைக் காட்டி ஏதோ கேட்டான். தேன் எண்டு சொல்ல வாய் வரேல்லை. கீழை வந்திட்டுது. ஊரெல்லாம் பகிடி விட்டுத் திரியிற தேன் யாவாரி கந்தசாமிக்கு இந்தக் கதி எண்டு தெரிஞ்சால் இனி நீர்வேலிச் சந்தியிலை தலை காட்டேலாது. ஆருக்கும் சொல்லேலாது, அதாலை இதிலை எழுதிறன்.

சாரம் ஏன் ஈரம் எண்டு மனிசி பாக்கியம் கேட்டா. தேன் போத்தல் ஒழுகினது எண்டன். பின்னேரம் கொடியிலை கிடந்த சாரத்தை வந்து பாத்திட்டு, "ஒரு எறும்பையும் காணேல்லையே அப்பா" எண்டா. பேந்து அந்தக் கதையை எடுக்கேல்லை. நானும் எடுக்கேல்லை. எனக்குச் சீனி வருத்தம் இல்லையெண்டாவது தெரிஞ்சுது.

போன காரியம் நடக்கேல்லை. மச்சான் குலத்துக்கு மருந்து குடுக்கப் போனது. குலம் பாக்கியத்தின்ரை ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றிவளைப்பிலை பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். தோட்டத்திலை வாழைக்குலை வெட்டினபடி நிண்டவன். கையிலை கத்தி. சேட்டெல்லாம் வாழைக்கயர், கறுப்புக் கறுப்பாய். இது என்ன கறை எண்டு கேட்டவங்களாம். வந்த இந்தியன் ஆமியின்ரை பாசை இவனுக்கு விளங்கேல்லை, இவன்ரை பாசை அவங்களுக்கு விளங்கேல்லை. இப்ப பழைய நெசவுசாலை முகாமிலை.

அவனுக்குச் சின்னனிலை இருந்து முட்டு. பரியாரியார் குடுக்கிற சூரணத்தைத் தேனிலை குழைச்சு நக்கினால்தான் மூச்சு இறங்கும். முகாமுக்குப் போக மூண்டு சென்றி: வாழைத்தோட்ட மூலை, தேர்முட்டி, முகாம் வாசல். இண்டைக்குத் தேர்முட்டியோடை திருப்பி விட்டிட்டாங்கள். போத்தல் எண்டால் பெற்றோல் எண்டுதான் முதல் நினைப்பு.

பாக்கியம் சாப்பிடேல்லை. நான் சாப்பிட்டன். பயந்தால் எனக்குப் பசிக்கும்.

வைகாசி 4, புதன்

வெக்கைதான். முன் ரியூப் ஒட்டினது. குலத்தின்ரை தோட்டத்திலை ரெண்டு குலை பழுத்து அணில் தின்னுது.

வாழைத்தோட்ட மூலையிலை இண்டைக்கு நிண்டவன் ஒரு மலையாளத்தான். போத்தலை மணந்து பாத்திட்டு அவனே "தேன்" எண்டான். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. தமிழ் கொஞ்சம் கதைக்கிறான். தேன் உங்களுக்கும் தேனோ எண்டு கேட்டன். ஓமாம். நீங்கள் எங்களிட்டை எடுத்த சொல்லெண்டு சொன்னன். இல்லையாம், நாங்கள்தான் அவையிட்டை எடுத்ததாம். துவக்கு வைச்சிருக்கிறவன் சொன்னால் சரிதானே, விட்டிட்டன்.

என்னைச் சேட்டா எண்டு கூப்பிடுறான். அண்ணை எண்டு அர்த்தமாம். தேர்முட்டியிலை இண்டைக்குத் தெலுங்கன், அவனுக்குத் தேனெ எண்டு சொல்லு. வாசலிலை நிக்கிறவன் வடக்கத்தியான், அவனுக்குச் சஹத் எண்டு சொல்லு எண்டு படிப்பிச்சு விட்டான். கன்னடக்காரன் நிண்டால் ஜேனு. தேர்முட்டி மட்டும் தேனெ, தேனெ எண்டு சொல்லிக்கொண்டே சைக்கிள் உருட்டினன். அங்காலை சஹத், சஹத். பள்ளிக்கூடத்திலை இப்பிடிப் பாடமாக்கியிருந்தால் நாலாம் வகுப்போடை நிண்டிருக்கமாட்டன்.

சொல்லைச் சொன்னால் முகம் கொஞ்சம் இளகுது. ஆனால் ஒவ்வொரு சென்றியிலையும் அவங்களுக்கு முன்னாலை நான் ஒரு மிடறு குடிச்சுக் காட்டவேணும். சூரணத்திலையும் ஒரு கிள்ளு வாயிலை போடவேணும். எனக்கு இனி ஆயுசுக்கும் முட்டு வராது.

வாசலிலை மருந்தை வாங்கினாங்கள். கம்பிக்கு அங்காலை குலத்தைக் காட்டினாங்கள். குந்திக்கொண்டிருந்தான். நெஞ்சிலை சுருதிப்பெட்டி கேக்குது, கம்பிக்கு இஞ்சாலை மட்டும் கேக்குது. மாப்பிளை விருந்து எப்பிடியடா மச்சான் எண்டன். சிரிக்கப் பாத்தான், இருமல் வந்திட்டுது. "அத்தான், நாளைக்கும் வாருங்கோ" எண்டான். உவன் ஒருநாளும் என்னை வா எண்டு கேட்டதில்லை. என்ரை பகிடிக்குப் பயந்து ஓடுறவன்.

வாசலிலை நிண்ட பொம்பிளையள் கதைச்சது: "அடிக்கடி வாறவையின்ரை முகத்தை உவங்கள் பாடமாக்கிப் போடுவாங்களாம்." "பேந்து?" "பேந்தென்ன, ஒருநாள் உள்ளுக்கை வா எண்டுவாங்கள்." நான் குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினன்.

பின்னேரம் கோயிலுக்குப் போய் ஐயரிட்டைக் கேட்டன், வடக்கத்தியானுக்குச் சொல்ல வேறை சொல் ஏதும் இருக்கோ எண்டு. மது எண்டு சொல்லும் எண்டார். ஐயா, ஆமிக்காரனிட்டைப் போய் மது எண்டால் கள்ளுத் தவறணையிலை இருந்து வாறன் எண்டெல்லோ நினைப்பான் எண்டன். அவர் சிரிச்சார். வடமொழியிலை மது எண்டால் முதல் தேன்தானாம், குடிக்கிற சாமானுக்கு அந்தப் பேர் பேந்து போனதாம். அபிசேகத்திலை தேனை ஊத்தேக்கை தான் சொல்லுற மந்திரத்திலையும் மதுதானாம். இவ்வளவு காலமும் நான் குடுத்த தேனைக் கையிலை வைச்சுக்கொண்டு மனிசன் மது மது எண்டு சொல்லியிருக்கு. சிங்களத்திலை மீ எண்டுறதும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தானாம்.

அப்ப ரெண்டு குடும்பம். தேன், தேனெ, ஜேனு ஒரு தாய் பிள்ளையள். மது, மீ மற்றப் பக்கம். சஹத் ரெண்டிலையும் சேராதாம், அரபிக்காரரோடை வந்த சம்பந்தமாம்.

சிங்களவர் தேனுக்குச் சொல்லுற மீ பெணி எனக்கு முந்தியே தெரியும். 83 வரை கண்டியிலை எனக்குச் சாப்பாட்டுக்கடை. கலவரத்திலை பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி என்னைக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சவ. கோப்பையிலை தயிரும் பெணியும் தள்ளி விட்டா. றோட்டிலை ஆக்கள் ஓடுற சத்தம். படுத்தபடி திண்டன். இனிப்புத் தெரியேல்லை.

இதைப் பாக்கியத்துக்கு நான் சொன்னதில்லை. கண்டியெண்டால் பகிடிக் கதை மட்டும்தான் சொல்லுறது.

வைகாசி 5, வியாழன்

சோளகக் காத்துத் தொடங்கியிட்டுது. றோட்டெல்லாம் புழுதி. குலத்துக்கு இந்தக் காத்துத்தான் யமன்.

காலமை நெசவுசாலைப் பக்கம் ரெண்டு வெடிச் சத்தம். பாக்கியம் அடுப்படியிலை அப்பிடியே இருந்திட்டா. அரிசி கரியுது, இறக்கேல்லை. நான் தான் இறக்கினன். போகாதையுங்கோ எண்டும் சொல்லேல்லை, போங்கோ எண்டும் சொல்லேல்லை. புதுப் போத்தலிலை நிறையத் தேன் விட்டுத் தந்தா. அதுதான் சொன்னது.

சென்றியெல்லாம் ஆள் மாத்தியிட்டாங்கள். மூலையிலை புதுசா ஒருத்தன். தேன் எண்டன், தேனெ எண்டன், ஜேனு எண்டன், அதுக்குத் தலையாட்டினான். தேர்முட்டியிலை சின்னக் கண், கட்டை ஆள், நேப்பாளமாம். மது எண்டு பாத்தன். யோசிச்சிட்டு "மஹ" எண்டு திருத்தினான். ஐயருக்குச் சொல்லவேணும், அங்கையும் உங்கடை சொந்தக்காரர் இருக்கினம் எண்டு.



வாசலிலை எங்கடை மலையாளத்தான். நல்ல காலம் எண்டு நினைச்சன். பக்கத்திலை கப்டன், கையிலை பிரம்பு. போத்தலை வாங்கி வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தான். ஒரு சொட்டை விரலிலை தொட்டு நக்கிப்போட்டு ஏதோ சொன்னான். மலையாளத்தான் சொன்னான், இது தேனில்லை, சீனிப்பாணி எண்டு கப்டன் சொல்லுறார், பொய் சொல்லிக்கொண்டு ஏன் ஒவ்வொருநாளும் வாறாய் எண்டு கேக்கிறார் எண்டு.

அந்த இடத்திலை எனக்குப் பயம் எல்லாம் போட்டுது. என்ரை தேனிலை கலப்பு எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. புத்தி அதிலை போச்சு. ஆரும் சந்தேகப்பட்டால் நான் செய்யிறதைச் செய்தன். போத்தலைத் திருப்பி வாங்கினன், மடியிலை இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்தன், குச்சித் தலையைத் தேனிலை தோய்ச்சு உரஞ்சினன். கலப்பெண்டால் ஈரத்திலை பத்தாது. நல்ல தேனெண்டால் பத்தும். பத்திச்சுது, வடிவா.

இடது கையிலை போத்தல். வலது கையிலை நெருப்பு.

நிமிந்து பாக்கிறன், ஒருத்தரும் நிக்கேல்லை. கப்டன் மண்மூட்டைக்குப் பின்னாலை. எல்லாத் துவக்கும் என்னைப் பாக்குது. வரிசையிலை நிண்ட சனம் நிலத்திலை. அப்பதான் விளங்கினது நான் ஆமி முகாம் வாசலிலை போத்தலும் நெருப்புமாய் நிக்கிறன் எண்டு. ஊதி அணைக்கவும் பயம், கீழை போடவும் பயம். குச்சி எரிஞ்சு விரலுக்கு வந்திட்டுது. வாயிலை வந்ததெல்லாம் சொன்னன். தேன். தேனெ. ஜேனு. சஹத். மது. மஹ. மீ பெணி. எல்லாத்தையும் திருப்பித் திருப்பி. விரல் சுட்டுது, அசைக்கேல்லை.

மலையாளத்தான் தான் எழும்பினான். துவக்கைத் தோளிலை போட்டிட்டு மெல்ல நடந்து வந்து என்ரை விரலை ஊதினான். கப்டனைத் திரும்பிப் பாத்து நெடுக ஏதோ சொன்னான். தங்கடை ஊரிலையும் தேன் யாவாரியள் இப்பிடித்தான் காட்டுறவை எண்டு சொன்னதாய் எனக்குத் தமிழிலை சொன்னான். பேந்து குலம் இருந்த கம்பிப் பக்கம் கையைக் காட்டி, தன்ரை சட்டையைத் தொட்டுத் தொட்டுக் கதைச்சான். தன்ரை தகப்பனும் வாழைக்காரன், உந்தக் கறையைத் தாயாலை ஒருநாளும் தோய்ச்சு எடுக்க முடிஞ்சதில்லை எண்டு சொன்னதாம், அதையும் எனக்குத் தமிழிலை சொன்னான்.

கப்டன் சிரிக்கேல்லை. போத்தலை முழுக்கக் குடிக்கச் சொன்னான். அரைவாசி மட்டும் குடிச்சன். அதுக்குமேலை ஏலாது எண்டு கும்பிட்டன். போதும் எண்டான்.

இனிப்புத் தெரியேல்லை.

மிச்சத்திலை குலத்துக்கு ஒரு நேர மருந்து உள்ளை போச்சு. நாளைக்குக் காலமை வா எண்டு எனக்குச் சொன்னாங்கள். ஏன் எண்டு சொல்லேல்லை. மலையாளத்தான் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அந்தப் பொம்பிளையள் சொன்னது திரும்பத் திரும்ப வருது.

பாக்கியத்துக்கு, நாளைக்கும் மருந்து கொண்டு போகட்டாம் எண்டு மட்டும் சொன்னன். விரலிலை என்ன எண்டா. பீடி சுட்டது எண்டன். நான் பீடி பத்திறதில்லை.

வைகாசி 6, வெள்ளி

காத்து. வானம் மப்பு. மழை இல்லை.

போக முதல் சைக்கிள் பூட்டின்ரை மற்றத் திறப்பு கிடக்கிற இடத்தையும் தேன் பரல் ஆரிட்டைக் குடுக்கிறதெண்டதையும் பாக்கியத்துக்குச் சொன்னன். நீங்கள் திரும்பி வந்து சொல்லுங்கோ எண்டா. போத்தலை மடியிலை செருகி விட்டா.

மூலை: ஜேனு. தேர்முட்டி: மஹ. ரெண்டு இடத்திலையும் வாயை மட்டும் அசைச்சன். விட்டாங்கள்.

வாசலிலை கனநேரம் நிப்பாட்டி வைச்சாங்கள். உள்ளுக்கை வா எண்டுவாங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். உள்ளையிருந்து குலம் வந்தான். தனிய. அதே கயர்ச் சேட்டு. பின்னாலை ஒருத்தரும் வரேல்லை. போ எண்டு மலையாளத்தான் கையாலை காட்டினான். சேட்டா எண்டு சொல்லேல்லை. கப்டன் அந்தப் பக்கம் நிண்டான். நானும் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம்.

குலத்தைச் சைக்கிள் பாரிலை இருத்தி மிதிச்சன். தேர்முட்டி தாண்டு மட்டும் ரெண்டு பேரும் மூச்சு விடேல்லை, அவன் எப்பிடியும் விடேலாது. பேந்துதான், மச்சான், நாலு நாள் என்னை வேலை வாங்கிப்போட்டாய், ஒரு வாழைக்குலை கடன் எண்டன். அவன் அழுதான். இறுக்கிப் பிடியடா விழப்போறாய் எண்டு ஏசினன்.

மூலையிலை சைக்கிள் பள்ளத்துக்கை இறங்கி எழும்பினது. மடியிலை இருந்த போத்தல் சரிஞ்சு மூடி கழண்டு போச்சு. முழுக்கச் சாரத்திலை. முன்பக்கம்.

வீட்டிலை பாக்கியம் தம்பியைக் கட்டிப்பிடிச்சு அழுதா. கதிரையிலை இருத்தினா. சுடுதண்ணி குடுத்தா. பேந்து திரும்பி என்னைப் பாத்தா. சாரத்தைப் பாத்தா. ஒண்டும் கேக்கேல்லை. உள்ளை போய்த் தோய்ச்ச சாரம் ஒண்டு கொண்டு வந்து தந்தா.

தேன் எண்டன்.

ஓம் ஓம் எண்டிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனா.