டாக்டரிடம் சுகம் என்கிற உன் வாப்பா

கோட்டாறு

அன்பு மகள் தஸ்ரினுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் நீ உடல்நலத்தோடும் நேரத்துக்குச் சாப்பிட்டும் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை மக்களே. போனில் சொல்லலாமென்றால் வாப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற எதிர்வீட்டு நிஹால் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்த கையும் காலும் சரியாகிவிட்டன, பேச்சும் தெளிந்துவிட்டது, பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் குளித்துவிட்டு வந்தால் துவர்த்தைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார், தலை துவட்டத் தெம்பில்லை. உறங்கி எழுந்தாலும் அதே களைப்பு. அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். போன மாதம் வடசேரியில் நம் துணிக்கடைக்கு ஆசையாகப் போனார், மத்தியானத்துக்கு முன்பே சேலைக்கட்டில் தலை சாய்த்துவிட்டார். சபீர் சாச்சா தன் அண்ணனிடம் விளையாட்டாகத்தான், காக்கா, வீட்ல கட்டிலு இல்லாமயா இங்க வந்தியோ என்று கேட்டிருக்கிறார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்களாம், வாப்பாவும் சிரித்தாராம். அதற்குப் பிறகு அவர் கடைப் பேச்சையே எடுப்பதில்லை.

டாக்டரிடம் போகிற அன்று காலையிலிருந்தே படுத்துத் தெம்பைச் சேர்த்து வைக்கிறார். எப்படி இருக்கீங்க என்று டாக்டர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, அல்ஹம்துலில்லாஹ், சுகமா இருக்கேன் டாக்டர் என்கிறார். யார் நலம் கேட்டாலும் நாம் சொல்கிற பதில் அதுதானே, அவருக்கு வேறு சொல்ல வராது. டாக்டரும் சந்தோஷப்பட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். நம் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவள் நான், கட்டின மாப்பிள்ளை சொன்னதை அவர் முன்னாலேயே இல்லை என்று சொல்ல வாய் எழும்பாமல் நிற்கிறேன். பிறகு ஒருநாள் தனியாகப் போய்க் கேட்டேன். ரத்தம், சுகர், பிரஷர் எல்லாம் சரிதான், இந்த வியாதிக்குப் பின்னால் இப்படிக் களைப்பு வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது, மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார். பிசியோதெரபி செய்கிற சிந்தியா, அங்கிள படுக்க விடாதீங்க ஆன்ட்டி, படுத்தா இன்னும் தளர்ச்சிதான் என்கிறாள். அதே ஆஸ்பத்திரி நர்ஸ், அவர போட்டுப் பாடாப் படுத்தாதீங்கம்மா, உறங்கட்டும், தலைக்குள்ள ஆறணும்லா என்கிறாள். எல்லாரும் நல்லவர்கள்தான், யார் சொல்வதைக் கேட்க என்றுதான் தெரியவில்லை. எழுப்பினாலும் பயம், உறங்க விட்டாலும் பயம். நீயும் ஒரு நர்ஸ், இந்த நோயாளிகளை அன்றாடம் பார்க்கிறவள், அங்கே இதற்கு என்ன செய்கிறீர்கள்?

இன்னொன்று, உன்னிடம் சொல்லக் கூடாதென்று வாப்பா சொன்ன விஷயம். மடி பிடிச்சு சோம்பிக் கிடக்காதீங்க வாப்பா, நடங்க என்று நீ போனில் சொல்கிறாய் அல்லவா, போனை வைத்ததும் எழுந்து வீட்டைச் சுற்றி நடக்கிறார். போதும் என்றால், எனக்கு மடி இல்லன்னு பிள்ளை அறியட்டும் என்கிறார். ராத்திரிச் சோற்றுக்குக் கை எழும்புவதில்லை, நான்தான் ஊட்டிவிடுகிறேன். மறுநாள் முழுக்க எழுந்திருப்பதில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நீ ஆசையில் சொல்கிறாய். ஆனால் படுங்கள் என்று நான் சொன்னால் பெண்டாட்டியின் இரக்கம் என்று தள்ளிவிடுகிறார், டாக்டர் சொல்வதாக இல்லை. நீ ஒருமுறை சொல் மக்களே. மகளாகச் சொல்லாதே, நர்ஸாகச் சொல். நடந்தது போதும், இது மடி இல்லை, படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல். அது சரியான வைத்தியமா என்று எனக்குத் தெரியாது. அவர் வெட்கப்படாமல் ஒருநாளாவது படுத்திருக்கட்டும்.

அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத்தையும் உடம்புக்கு ஆஃபியத்தையும் தரட்டும். இனிமேல் சாயங்காலம் கூப்பிடாதே, அவர் பசியாறின கையோடு காலையில் கூப்பிடு, அப்போதுதான் உன் குரலைக் கேட்கத் தெம்பிருக்கும்.

உன் உம்மா
பல்கீஸ் பீவி